அட்டைக்குள் ஒரு சுரங்கம்

பழைய படங்கள் சேர்க்கும் ஒருவரின் பெட்டிக்குள் காகிதம் தின்னும் ஓர் இராமபாணப் பூச்சி குடியிருந்தது. ஒருநாள் அவர் படம் ஒட்டிய ஓர் அட்டையை மனைவியிடம் காட்டி, "தங்கம் தோண்டப் போனவங்க கட்டின ஊர் இது" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார். பூச்சிக்கு அதற்குமேல் தீனி இறங்கவில்லை.

அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள். இரண்டிலும் அதே ஊர், அதே மலை, அதே சுரங்க வாய். பூச்சி இடது வாயில் இறங்கிக் கடித்துக் கடித்து அட்டையின் பின்பக்கம் வந்து விழுந்தது. தங்கம் இல்லை. "இது நகல். அசல் வலதுபக்கம்தான் இருக்கும்" என்று அங்கேயும் துளைத்தது. அங்கும் வெறும் அட்டைத் தூள்.

மறுநாள் அவர் அந்த அட்டையை, இரண்டு படங்களையும் ஒரே காட்சியாக நிஜம்போல் காட்டும் இரட்டைக் கண்ணாடிக் கருவியில் செருகிப் பார்த்தார். இரண்டு ஓட்டைகளும் சேர்ந்து ஒன்றாகத் தெரிந்தன.

"அடேயப்பா, சுரங்கம் எவ்வளவு ஆழமாப் போகுது! வந்து பாரேன்!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அதைக் கேட்டதும் பெட்டியிலிருந்த மற்றப் பூச்சிகள் ஓடிவந்து மொய்த்துக்கொண்டன. "அண்ணே, தங்கம் கிடைச்சுதா?"

பூச்சி மீசையில் ஒட்டியிருந்த தூளை மெல்லத் துடைத்துக்கொண்டது. "கிட்ட வந்துட்டேன். இன்னும் கொஞ்சம் தோண்டணும்."

சாயங்காலத்துக்குள் பெட்டியிலிருந்த நாற்பது அட்டைகளிலும் துளை விழாத மலை ஒன்றுகூடப் பாக்கியில்லை.