கன்னியம்மா யாரு?

ரங்கூன் முத்திரை குத்திய கடிதத்தை ஆலிஸ் புருஷன் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"யாருங்க இந்தக் கன்னியம்மா? நம்ம வூட்டு நம்பரை எதுக்கு அவளுக்குக் குடுத்தீங்க?"

"மாதா மேல ஆணையா எனக்குத் தெரியாதுடி!" என்ற அம்புரோஸ், சாப்பாட்டைக்கூட மறந்து ரயில்வே ஆபீசுக்கு ஓடிவிட்டார்.

மீதிக் கோபம், வாசலில் கூடையை இறக்கிய மீன்காரிக்குப் போய்ச் சேர்ந்தது.

"வவ்வால் இன்னா வெலை? அடி அநியாயமே! இருக்கிற பேஜாரு போதாதுன்னு எவளோ கன்னியம்மாவுக்கு எங்க வூட்டுக்கு லெட்டர் வருது. அடுப்புல போடப் போறேன்."

"ஐயோ, போட்டுடாதம்மா!" மீன்காரி பதறினாள். "எம் புள்ள உசுரோட கீறானான்னே தெரியாம தவிச்சிக்கினு கீறேன். எங்க குப்பத்துக் குடிசைக்கு நம்பரு ஏது? அவன் கப்பலேறச்சொல்ல ஒங்க வூட்டு நம்பரைத்தான் குடுத்தனுப்பிச்சேன்."

"கன்னியம்மா நீயா?"

"இத்தினி வருசமா 'மீனு'ன்னுதானேம்மா கூப்புடுறே."

ஆலிஸ் உறையைப் பிரித்துப் படித்துக் காட்டினாள். பிள்ளை அரிசி ஆலையில் வேலை கிடைத்து நலமாக இருந்தான். கடைசி வரியை மட்டும் இரண்டாம் முறை மெதுவாகப் படித்தாள்.

"உன் தோஸ்து ஆலிசம்மாவை ரொம்பவும் கேட்டதாகச் சொல்லவும்."