மாஸ்டர் பாஸ்வேர்டு

“எவன் பேரைடி வச்சிருக்க?”

பாண்டிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனாலும் விருதுநகர் பெரியாஸ்பத்திரி தீக்காய வார்டில் பக்கத்துக் கட்டில்களுக்குத் துணையிருந்த நாலு பேர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். அதில் இரண்டு பேர் சொந்த ஊர்ச் சனம். நாளைக்கு ஆலை வேனில் இதுதான் பேச்சாக இருக்கும். அவனுக்கு மானமே போனது.

கட்டிலில் அவன் மனைவி பொன்மணி. முந்தாநாள் நாரணாபுரம் பட்டாசு ஆலையில் வெடிச்சரம் பின்னிக்கொண்டிருந்தபோது பொறி தட்டிவிட்டது. இரண்டு கையிலும் விரல் தெரியாமல் கட்டு.

மகள் ஓவியா அம்மாவின் ஃபோனோடு அழாத குறையாக நின்றாள். “கவுன்சிலிங்ல கிடைச்ச சீட்டை அஞ்சு மணிக்குள்ள உறுதி பண்ணணும்ப்பா. அந்தப் பாஸ்வேர்டு இந்த ஆப்புக்குள்ள பூட்டிக் கிடக்கு. புதுசு கேட்டா நாளைக்குத்தான் வரும்.”

“அம்மா வெரல வச்சாத் தொறக்குமே?”

“வெரல்தான் கட்டுக்குள்ள இருக்கே!”

“அப்ப ஆப்புக்காரன்கிட்ட ரேகையக் கேளு.”

“ரேகை இந்த ஃபோன் சிப்பை விட்டு வெளிய போகாதுப்பா. ஆப்புக்காரனுக்கே தெரியாது. இனி மாஸ்டர் பாஸ்வேர்டுதான். ‘சாகுற வரைக்கும் மறக்காத வாக்கியமா வையி’ன்னேன். அம்மா தனியா உக்காந்து வச்சுச்சு. இப்பக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது.”

மணி நாலே முக்கால்.

பொன்மணி மெதுவாக வாயைத் திறந்தாள். “ஓவியா வெளிய போகட்டும். உங்க காதுல மட்டும் சொல்லுதேன்.”

“எனக்கு மட்டும் என்னத்துக்கு? பெத்த புள்ளையும் கேக்கட்டும், ஆத்தா லட்சணத்த!”

“வேண்டாங்க. சொன்னாக் கேளுங்க.”

“சொல்லுடி, சத்தமா!”

பொன்மணி மகளைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள்.

“யாரு பேரும் இல்ல, தாயி. உனக்கு ஃபீஸ் கேட்டன்னைக்கு உங்கப்பா சொன்ன வார்த்தைதான். டைப் அடி.”

ஓவியாவின் விரல் எழுத்துகள் மேல் காத்திருந்தது.

“‘ஆலையில வெடிச்சுச் செத்துப் போ, நஷ்டஈட்டுல அவ படிக்கட்டும்.’”