தேய்ந்த டயர்

"நாலு டயரும் வழுக்கையாயிடுச்சு. ரேஸ் ஓட்டுறீங்களா சார்?" என்றார் மெக்கானிக்.

பல் டாக்டருக்குத் தலை சுற்றியது. வெளிநாடு போன நண்பன் அவர் தலையில் கட்டிவிட்டுப் போன, கிளட்ச் இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் அது. ஆறு மாதமாகக் கிளினிக்குக்கு மட்டும்தான் அதில் போய்வருகிறார். அதுவும் நாற்பதைத் தாண்டாமல். சைக்கிள்காரர்கள்கூட அவரை முந்திக்கொண்டு போவார்கள்.

"புது டயருங்க அது! எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பிரேக்குதான்."

"அப்போ வேற யாரோ ஓட்டுறாங்க சார்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியிடம் புலம்பினார். "ஒண்ணுமே புரியலம்மா. நான் வீட்டுல இருக்கும்போது சாவி இந்த ஆணியை விட்டு எங்கேயும் போகல. பேசாம போலீஸ்ல எழுதிக் கொடுத்துடறேன்."

"போலீஸெல்லாம் எதுக்குங்க? மட்டமான டயரா இருக்கும். இருங்க, டீ போடறேன்" என்று அவள் அவசரமாக உள்ளே போனாள்.

செருப்பைக் கழற்றி வைக்கும்போது அவர் கைபட்டு மனைவியின் ஷூக்கள் கவிழ்ந்து விழுந்தன. ஆறு மாதமாக, அவர் குறட்டை விடும் விடியற்காலைகளில், அவள் நடைப்பயிற்சிக்குப் போட்டுக்கொண்டு போகும் ஷூக்கள்.

இடது ஷூவின் அடியில் விலைச் சீட்டுகூடக் கிழியாமல் இருந்தது.

வலது ஷூ மட்டும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும் இடத்தில், வழவழவென்று தேய்ந்திருந்தது.