நான்கு மதிப்பெண்

தவறான விடைகளுக்கு மதிப்பெண் கழிக்க வேண்டும் என்பதை மறந்து கூட்டிப் பார்த்துவிட்டு, நீட் எழுதிய சிவநேசன் தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டான். கழித்துப் பார்த்தால், மருத்துவ இடத்துக்கு நான்கு மதிப்பெண் குறைந்தது. லட்டு தின்றவர்கள் சும்மா இருப்பார்களா? "மூணாவது தடவையும் எழுது" என்றார் ஒருவர். "பேசாம விலங்கியல் எடு" என்றார் இன்னொருவர். "மாட்டு டாக்டரும் டாக்டர்தானப்பா" என்றார் பால்காரர். எல்லாமே சரியாகத்தான் பட்டது; அதுதான் தொல்லை. கல்லூரியில் சேரக் கடைசி நாளன்று அப்பாவிடம் போய் நின்றான். இத்தனை நாளும் "உன் இஷ்டம்" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொன்னதில்லை.

"என் இஷ்டம் என்னன்னு எனக்கே தெரியலப்பா. திரும்ப கோச்சிங் ஹாஸ்டலுக்குப் போகட்டுமா, இங்கயே காலேஜ்ல சேரட்டுமா?"

சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை.

"போகாதடா. நீ ஹாஸ்டல்ல இருந்த ரெண்டு வருஷமும் நானும் உங்கம்மாவும் டிவி கூடத்தான் பேசினோம்."