ஊதா ஒயர்

"ஊதாவை சாவிக்குக் குடுங்கோ. மிச்சம் இருக்கறது சென்சாருக்கு."

ஒயரிங் வரைபடத்தைப் பார்த்துப் படித்தார் ஜெயராம். பாங்கில் காலமெல்லாம் இங்கிலீஷில் குப்பை கொட்டிய மனுஷர், தமிழ் ஆள் ஒருவன் அகப்பட்டால் போதும், தமிழிலேயே வெளுத்துக்கட்டுவார்.

"செரி சார்" என்றான் சுஜின், பானெட்டுக்குள் தலையை விட்டபடி.

மாட்டுங்கா வீட்டு முற்றத்தில் நின்ற அந்தப் பழைய ஃபியட்டின் நாலு சிலிண்டருக்கும் இப்போது இரண்டிரண்டு ஸ்பார்க் பிளக். எட்டுக்கும் நேரம் பார்த்து நெருப்புக் கொடுக்க, உள்ளங்கை அகலத்தில், கலர் கலராக ஒயர் நீட்டிய ஒரு கறுப்புப் பெட்டி. இத்தாலியிலிருந்து வந்தது. செய்தவன் கடையை மூடிவிட்டான். ஒயர் மாறிக் கருகினால் இன்னொன்று கிடைக்காது.

சயான் பக்கம் திருநெல்வேலிக்காரன் ஒருவன், நல்ல எலக்ட்ரீஷியன், இருப்பதாக ஆபீஸில் சொன்னார்கள் என்று மகள் ஹரிதாதான் அவனை வரவழைத்திருந்தாள்.

பச்சைப் பொய். அவளும் சுஜினும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்து ஒரு வருஷம் ஆகிறது. வண்டி கிளம்பட்டும், அப்பா முகம் மலரட்டும், அந்தச் சூட்டோடு சொல்லிவிடலாம் என்பது திட்டம். அதுவரை இருவரும் யாரோ எவரோ.

அதனால் டார்ச் பிடித்து நின்றவள் அவன் கையை மட்டும் பார்த்தாள். அவன் ஒரே ஒயரை மூன்று தடவை அவிழ்த்து முறுக்கினான். எத்தனையோ வண்டி பார்த்தவன், மாமனார் வண்டி என்றதும் இப்படித் தடுமாறுகிறானே என்று சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது.

"முடிஞ்சிட்டு சார். சாலு பண்ணிப் பாருங்க."

ஜெயராம் வண்டிக்குள் உட்கார்ந்து சாவியை நுழைத்தார்.

அப்போதுதான் ஹரிதா கவனித்தாள். சாவியிலிருந்து வரும் ஒயரோடு முறுக்கியிருந்தது நீலம். ஊதா, சென்சாரோடு.

டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்துப் பார்த்தாள்.

போன மாதம் தாராவியில், சுஜின் வீட்டில், "அந்த ஊதாச் சேலைய எடும்மா" என்றாள் அவன் அம்மா. இவள் ஊதாவை எடுத்து நீட்ட, வீடே சிரித்தது. அவர்களுக்கு ஊதா என்றால் நீலம். ஊதாவுக்குப் பேர் கத்தரிப்பூ.

சாவி திரும்பினால் பெட்டி கருகும், சுஜினின் பேரும் அதோடு போகும். ஒயர் தப்பென்று சொன்னாலும் அவன் பேர்தான் கெடும்; ஏன் என்று சொன்னால் குட்டு உடையும்.

ஜெயராமின் விரல்கள் சாவியை அழுத்திப் பிடித்தன.

"அப்பா, வேண்டாம்! அவா ஆத்துல நீலத்தைத்தான் ஊதான்னு சொல்லுவா!"

ஜெயராம் சாவியிலிருந்து கையை எடுத்தார். ஒயரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"அவா ஆத்துலயா? அது உனக்கெப்படித் தெரியும்?"

ஹரிதா டார்ச்சை அணைத்தாள், மறுபடி போட்டாள். சுஜின் தலையை பானெட்டுக்குள் இன்னும் ஆழமாக நுழைத்துக்கொண்டான்.

படியில் காபியோடு நின்ற அம்மா ஷ்யாமளாதான் பதில் சொன்னாள்.

"மார்க்கெட்ல பூக்கார சேசம்மா சொல்லிக் கேட்டிருப்பா. அவளும் திருநெல்வேலிதானே?"

"அதானே பார்த்தேன்" என்று ஜெயராம் மறுபடி வரைபடத்தைப் பிரித்தார்.

ஹரிதா திரும்பினாள். அம்மா சாவகாசமாகக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

மார்க்கெட்டில் சேசம்மா என்று எந்தப் பூக்காரியும் கிடையாது. அது சுஜினுடைய அம்மாவின் பேர். இந்த வீட்டில் அந்தப் பேரை ஹரிதா வாய்தவறிக்கூட ஒருநாளும் சொன்னதில்லை.