கதவு திறக்கற அத்தியாயம்

"புஸ்தகத்தப் படிச்சீங்களா சார், இல்ல பின்னட்டைய மட்டும் படிச்சுட்டு வந்தீங்களா?"

தமிழரசி போட்ட போடுல, ராம்பிரசாத் வாய்க்குக் கொண்டுபோன பாக்கர்வடி பாதி வழியிலயே நின்னுடுச்சு.

கோத்ரூட்ல பட்டாபிராமன் வீட்டு ஹால். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அங்க தமிழ் வாசகர் வட்டம் கூடும். பூனாவுல தமிழ் நாவல் எங்க கெடைக்குது? ராம்பிரசாத் கோயமுத்தூர் போனப்ப வாங்கிட்டு வந்த ஒரே பிரதிதான் எல்லார் வீட்டுக்கும் சுத்தி வந்துச்சு.

முக்காவாசிப் பேர் கம்ப்யூட்டர் வேலைக்காக வந்தவங்க. தமிழரசி மட்டும் பூனாவுலயே பொறந்து வளந்த கட்கிப் பொண்ணு. தாத்தா காலத்துலேருந்து வெடிமருந்து ஃபேக்டரிக் குடும்பம். எம்.ஏ. இலக்கியம் படிக்கிறா.

போன மாசம் மொத தடவையா வந்தப்ப, "கட்கிப் பொண்ணா? தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வருமாம்மா?"ன்னு பட்டாபிராமன் கேட்டார். ஹாலே சிரிச்சுது. அந்த வயித்தெரிச்சல்ல நாவலைக் கரைச்சுக் குடிச்சுட்டு வந்திருந்தா. இன்னைக்கு ஒரு சறுக்கு சறுக்கினாலும் ஜென்மத்துக்கும் கேலிதான்.

நாவல்ல ஒரு ஊரு. சைரன் ஊதினா சிரிக்கணும், மறுபடி ஊதினா அழணும். எல்லார் கழுத்துலயும் அரசாங்கப் பூட்டு. ஒருத்தன் மட்டும் வெளிய போற கதவைத் தேடறான்.

ராம்பிரசாத் சொன்னது இவ்வளவுதான்: "என்னதான் இருட்டா எழுதியிருந்தாலும், கதவு திறந்து வெளிச்சம் விழுதுங்களே. படிச்சு முடிச்சதும் மனசுக்குத் தெம்பா இருந்துச்சுங்க."

"முடிச்சதும் தெம்பா? அரே, கதவு திறக்கறதே மொத அத்தியாயம் சார்! அப்புறம் கதை பின்னாடியே போயி, கடைசி அத்தியாயத்துல அவன் பூட்டு மாட்டிக்க வரிசையில நிக்கறான். அதுவும் சிரிச்சுக்கிட்டு! அந்தக் கதவு விடுதலை இல்ல, எலிப்பொறி. வெளிச்சத்தைக் காட்டிட்டுப் புடுங்கறதுதான் நாவலோட கட்டமைப்பே. இதுகூடப் புரியலன்னா எதுக்கு சார் படிக்கணும்?"

ராம்பிரசாத் அவ கையில இருந்த, ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் காப்பியைப் பாத்தான். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில அடிக்கோடு. தன் மடியில இருந்த புஸ்தகத்தைப் பாத்தான். மூடிப் பைக்குள்ள வச்சுட்டான்.

"எனக்குத்தான் புரியலீங்க. அவசரத்துல படிச்சது."

"அதான் தெரியுதே."

பட்டாபிராமன் தொடையைத் தட்டினார். "பிரமாதம்மா! அந்த மொத அத்தியாயத்துக் கதவு இருக்கே, படிக்கறப்பவே எனக்கு திக்குனுச்சு."

"பின்னாலேருந்து முன்னால சொல்ற உத்தி,"ன்னார் பக்கத்துல உக்காந்திருந்த மகாதேவன். "இதுக்காகவே நான் ரெண்டு தடவ படிச்சேன்."

தமிழரசிக்குத் தல நிமுந்துடுச்சு.

கூட்டம் முடிஞ்சதும் பட்டாபிராமன் கைய நீட்டினார். "அந்தக் காப்பியக் குடும்மா. உன் குறிப்பெல்லாம் எல்லாரும் பாக்கட்டும்."

அவர் கைக்குப் போறதுக்குள்ள ராம்பிரசாத் குறுக்க புகுந்து வாங்கிட்டான். "எனக்கு மொதல்லங்க. புரியாதவன் நாந்தானே? பதிலுக்கு என் புஸ்தகத்த நீங்களே வச்சுக்குங்க."

அலையறதப் பாருன்னு நெனச்சுக்கிட்டா தமிழரசி. என் குறிப்பைப் பாத்து பாஸாகப் போறாராம்!

சிவாஜிநகர் ஸ்டேஷன்ல லோக்கல் லேட்டு. பெஞ்சுல உக்காந்து புஸ்தகத்தைப் புரட்டினா.

மொத அத்தியாயத்துலயே அவன் பூட்டு மாட்டிக்க வரிசையில நின்னான்.

மடமடன்னு பக்கத்தைத் தள்ளினா. கடைசிப் பக்கத்துக்குப் போனா. கதவு திறந்துச்சு.

இந்தப் புஸ்தகம் கடைசியாத்தான் அவ கைக்கு வந்துச்சு. கோடு போட்டுப் படிக்கணும்னு நேரா ஜெராக்ஸ் கடையில குடுத்துட்டு, அசலை அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டா. பக்க எண்ணு, அத்தியாய எண்ணு எல்லாம் பழைய தமிழ் எண்ணுல. கடைக்கார மராத்திக் காகாவுக்கு அது வெறும் கோலம். அட்டையை மட்டும் ஒழுங்கா மேல வச்சு, அத்தியாயங்களை எடுக்க எடுக்க ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஸ்பைரல் போட்டுட்டார்; கடைசி அத்தியாயம் மொதல்ல வந்துடுச்சு. தமிழரசிக்கும் அது கோலம்தான். எண்ணுக்குக்கூட அர்த்தம் இல்லாம போன உலகம்னு அதுக்கும் ஒரு குறியீடு கண்டுபுடிச்சு வச்சிருந்தா.

அதே கதவுதான். மொதல்ல வந்தப்ப பொறி. கடைசில வந்தா விடுதலை.

காது மடலெல்லாம் கொதிச்சுது. அப்புறந்தான் உறைச்சுது. மத்தவங்க எல்லார் வீட்டுக்கும் போனது இந்த அசல்தானே? அப்ப அந்த 'திக்குனுச்சு'? அந்த 'ரெண்டு தடவ'?

அந்த ஹால்ல நாவலை ஒழுங்காப் படிச்சிருந்தது ஒரே ஒருத்தன்தான். 'எனக்குத்தான் புரியலீங்க'ன்னு சொல்லிட்டு, அவ மானத்தையும் சேத்துப் பையில போட்டு எடுத்துட்டுப் போனவன்.