நான்காம் பக்கம்

துணைவேந்தர் ஆல்தோர்ப்பைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கையை நீட்ட வேண்டும். நாடி பார்த்த பிறகுதான் பேச்சு. அது அவர் மருத்துவராக இருந்த காலத்துப் பழக்கம். அதற்கும் முன்னால் அவர் கணித மேதை; அவர் பெயரிலேயே ஒரு தேற்றம் உண்டு. அப்பேர்ப்பட்டவர் முப்பது வயதில் ஏன் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மருத்துவம் படிக்கப் போனார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

அன்று வந்தவள் பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் மிஸ் கார்லிங். நாடி நூற்றிருபதில் ஓடியது.

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா. பயம்தான். உங்க தேற்றத்துல, நாலாம் பக்கத்துல, பூஜ்யத்தால வகுத்திருக்கீங்க. அதுக்கப்புறம் இருக்கிறது எதுவுமே நிக்காது."

அவர் அவள் கையை விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே அவருடைய சிலைக்குப் பீடம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"சொல்லுங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

அந்தப் பிழை தன் கண்ணிலேயே பட்ட நாளிலிருந்து, முப்பத்தொரு வருடமாக, ஒவ்வொரு கடிதத்தையும் அதைச் சொல்லும் ஒரு வரியை எதிர்பார்த்தே பிரித்திருக்கிறார். அத்தனை வருடத்தில் அவருடைய நாடி ஒருநாளும் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதில்லை.

சட்டைக் கையை மடித்துவிட்டுத் தன் மணிக்கட்டை அவளிடம் நீட்டினார். "எண்ணுங்க."

அவளுக்கு நாடி பார்த்துப் பழக்கமில்லை. தடவித் தேடி விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள்.

"அறுபத்தெட்டுங்க."

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை எண்ணுங்கம்மா."